நெருப்புக்கு முன்னும் பின்னும்

2007ஆம் ஆண்டில், எழுபதை எட்டிய ஒரு ஜெர்மானியர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்துக் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் நான்கு பெரிய பலகைகளைச் செய்து முடித்தார். அவற்றில் இருந்தவை 22,000க்கும் மேற்பட்ட வண்ணக் கண்ணாடிக் கீற்றுகள். ஒவ்வொன்றும் கையால் வெட்டப்பட்டது, இடம் பார்த்து அடுக்கப்பட்டது. அடுக்கி முடித்ததும் மின்சூளையின் கதவைச் சாத்தினார்கள். கீற்றுகள் உருகி ஒன்றோடொன்று சேர்ந்த நேரத்தில் எந்த மனிதக் கையும் அவற்றைத் தொடவில்லை, தொடவும் முடியாது. அந்தப் பலகைகளுக்கு ‘கோரியோகிராஃப்டு ஜியாமெட்ரி’ என்று பெயர். செய்தவர் கிளாவுஸ் மோயே. சூளைக் கண்ணாடிக் கலையை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அவருடையது. ஆனால் அவர் வாழ்க்கையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய வண்ணங்களோடு நின்றுவிடுகிறார்கள். அந்த வண்ணங்கள் ஒன்றுசேர்வதற்கு ஏற்ற கண்ணாடி உருவாகக் காரணமாக இருந்ததும், அதைக் கையாளத் தெரிந்த ஒரு தலைமுறையை வளர்த்ததும் அவருடைய கலையில் சேர்த்தே எண்ணப்பட வேண்டியவை. அவற்றை விட்டுவிட்டு மோயேவை மதிப்பிட்டால் அந்த மதிப்பீடு பாதிதான்.

கண்ணாடிக் கலை என்றதும் உலகம் முதலில் நினைப்பது ஊதுகுழல்காரரைத்தான். 1,100 டிகிரி செல்சியஸில் கனலும் உலை, குழல் முனையில் செந்தணலாகத் தொங்கும் உருண்டை, நொடிக்கொரு முடிவு. பார்க்கக் கூட்டம் கூடும். 1962இல் அமெரிக்காவின் டொலீடோ அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டனும் டொமினிக் லபீனோவும் நடத்திய பட்டறைகள், தொழிற்சாலைக்குள் அடைபட்டிருந்த கண்ணாடியைத் தனிக் கலைஞர்களின் கைக்குக் கொண்டுவந்தன. அது பெரிய காரியம். ஆனால் அந்த இயக்கத்தின் முகமாக ஊதுகுழல் நிலைத்துவிட்டது. குளிர்ந்த தகடுகளை வெட்டி, அடுக்கி, சூளையில் வைத்துவிட்டு மறுநாள் வரை காத்திருப்பவருக்குப் பின்வரிசைதான் கிடைத்தது. அவர் வேலையில் வேடிக்கை பார்க்க எதுவும் இல்லை.

வரலாற்றில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. ஊதுகுழல் வந்ததே கி.மு. முதல் நூற்றாண்டில், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில்தான். அதற்கு முன் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்ணாடிப் பாத்திரம் செய்தவர்கள் அச்சையும் சூளையையும் நம்பித்தான் செய்தார்கள். பல வண்ணத் துண்டுகளை அடுக்கி உருக்கிச் செய்த கிரேக்க, ரோமானிய மொசைக் கிண்ணங்கள் அந்த வழியில் வந்தவை. ரோமானிய உலகில் பரவலாகப் புழங்கிய விலா எலும்பு போன்ற புடைப்புள்ள கிண்ணங்களையும், சூடேறித் துவண்ட தகட்டை அச்சின் மேல் படியவிட்டே செய்தார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அத்தகைய கிண்ணங்களின் உடைந்த துண்டுகள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டு மண்ணிலும் கிடைத்திருக்கின்றன. ஊதுகுழல் வந்த பிறகு ஒரு கிண்ணத்துக்கு ஆகும் நேரம் வெகுவாகக் குறைந்தது, விலை இறங்கியது, சூளை வேலை மெல்ல ஒதுங்கியது. அது தோற்றது வேகத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் ஆன்ரி குரோ போன்றவர்கள் கண்ணாடித் தூளைப் பசையாகக் குழைத்து அச்சில் சுட்டு இக்கலைக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். ஆனாலும் அது சில பட்டறைகளின் இரகசியமாகவே இருந்துவந்தது.

மோயே இதற்குள் வந்து சேர்ந்தது ஓவியப் பள்ளி வழியாக அல்ல. 1936இல் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர் அவர். குடும்பத் தொழிலே கண்ணாடி வெட்டுவதும் பட்டை தீட்டுவதும். பதினாறு வயதிலிருந்து அந்தப் பட்டறையில் பயிற்சி. பிறகு ரைன்பாக், ஹடமார் ஊர்களின் கண்ணாடித் தொழிற்பள்ளிகளில் படித்து, கைவினைஞர் தகுதிகளில் உச்சமான ‘மாஸ்டர்’ சான்றிதழ் பெற்றார். 1960களில் முதல் மனைவி இஸ்கார்ட் மோயே-வோல்கெமுத்துடன் சேர்ந்து ஹாம்பர்க்கில் பட்டறை நடத்தினார். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாணைச் சக்கரத்தின் முன் நிற்பவர் கண்ணாடியை எப்போதும் குளிர்ந்த, கெட்டியான பொருளாகவே அறிகிறார். எங்கே அழுத்தினால் விரியும், எந்த ஆழத்தில் ஒளி திரும்பும், எந்த மேற்பரப்பு கண்ணைக் கூசவைக்கும், எது ஒளியை உள்வாங்கும் என்பது அவருக்கு விரல் நுனிப் பாடம். 1970களின் நடுவில் மோயே சூளையின் பக்கம் திரும்பியபோது இந்த அறிவை முழுதாகக் கூடவே கொண்டுபோனார். வண்ணக் கண்ணாடிக் கம்பிகளைத் துண்டாக வெட்டி, அச்சில் நெருக்கி அடுக்கி, உருக்கி, பிறகு மேற்பரப்பு முழுவதையும் சாணை பிடித்தார். சூளையிலிருந்து வந்த பளபளப்பு அவருக்கு வேண்டாம். அந்த மினுக்கத்தைத் தேய்த்து நீக்கினால்தான் வண்ணம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நெருப்புக்கு முன் வெட்டு, பின் தேய்ப்பு. நடுவில் நடப்பது இந்த இரண்டுக்கும் கட்டுப்பட்டது.

அந்த நடு வேலை எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு வேறு வண்ணக் கண்ணாடிகளைச் சேர்த்து 800 டிகிரிக்குச் சூடேற்றினால் அவை அழகாக ஒட்டிக்கொள்ளும். சிக்கல் ஆறும்போதுதான். சூட்டில் விரிந்த கண்ணாடி ஆற ஆறச் சுருங்கும். நீலத்துக்கு நிறம் கொடுக்கும் உலோகம் வேறு, மஞ்சளுக்குக் கொடுக்கும் உலோகம் வேறு. அதனால் சுருங்கும் அளவும் இளகும் வேகமும் வண்ணத்துக்கு வண்ணம் மாறும். ஒன்று கூடுதலாகச் சுருங்க மற்றொன்று இடம் கொடுக்காமல் நின்றால், ஒட்டிய இடத்தில் இழுவிசை உறைந்து தங்கிவிடும். சில சமயம் சூளைக்குள்ளேயே பிளக்கும். சில சமயம் ஒரு மாதம் கழித்து, யாரும் தொடாமலே, அலமாரியில் இரண்டாகும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தெளிந்த கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சில்லு ஒன்றை வைத்து உருக்கி ஆறவிட வேண்டும். அதை ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பிய இரண்டு போலராய்டு வடிகட்டிகளுக்கு நடுவே வைத்து, பின்னால் விளக்கைப் போட வேண்டும். பொருந்தும் கண்ணாடி என்றால் சில்லைச் சுற்றி இருட்டாகவே இருக்கும். பொருந்தாதது என்றால் சில்லின் ஓரமெங்கும் வெள்ளை ஒளி கசியும். அந்த ஒளிதான் உள்ளே அடைபட்ட இழுவிசை. ஒளிவட்டம் பெரிதாக இருந்தால், அந்த இரண்டு வண்ணங்களும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்து வாழாது.

மோயேவின் ஜெர்மானியக் கம்பிகள் அவரை நிறுத்தியது இந்த இடத்தில்தான். ஒத்துப்போகும் வண்ணங்கள் சில, ஒத்துப்போகாதவை பல. கம்பி வடிவமும் அளவைக் குறுக்கியது. 1979இல் அவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பில்சக் கண்ணாடிப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போனார். போர்ட்லண்டில் 1974இல் மூன்று கண்ணாடிக் கலைஞர்கள் தொடங்கிய புல்ஸ்ஐ என்ற தகட்டுக் கண்ணாடித் தொழிற்சாலையின் நிறுவனர்களில் ஒருவரான பாய்ஸ் லண்ட்ஸ்ட்ரம்மை அங்கே சந்தித்தார். ஒன்றோடொன்று பொருந்தும் வண்ணத் தகடுகள் இருந்தால் எவ்வளவோ செய்யலாம் என்பது மோயேவின் ஏக்கம். செய்து பார்ப்போம் என்றது தொழிற்சாலை. 1980களின் தொடக்கத்தில், பொருத்தம் சோதித்து உறுதி செய்யப்பட்ட வண்ணத் தகடுகள் வரிசையாக வெளிவந்தன. அதுவரை சாயக் கண்ணாடி சன்னல்களுக்கு ஈயப் பட்டியால் இணைக்கவென்றே இருந்த தகடு, இனி ஈயமே இல்லாமல் நெருப்பால் இணையக்கூடிய பொருளானது. வண்ணங்களுக்கு நடுவே கறுப்புக் கோடு தேவையில்லை என்றானது, ஓவியக் கண்ணோட்டத்தில் சாதாரண மாற்றம் அல்ல.

இங்கே ஒரு மறுப்பு எழும்: தகட்டைச் செய்தவர்கள் வேதியியல் தெரிந்த தொழிற்சாலைக்காரர்கள், புகழ் மட்டும் ஏன் கலைஞருக்கு? நியாயமான கேள்வி. மோயேவுக்கு முன்னாலும் சூளையில் கண்ணாடி இணைத்தவர்கள் உண்டு. சிகாகோவில் ஃபிரான்சஸ், மைக்கேல் ஹிகின்ஸ் தம்பதி 1948இலிருந்தே செய்தார்கள். அவர்கள் பொருத்தமின்மையைச் சுற்றிக்கொண்டு போன விதம் புத்திசாலித்தனமானது: ஒரே வகைத் தகட்டை எடுத்து, அதன் மேல் எனாமல் வண்ணம் பூசி, மேலே மற்றொரு தகட்டை வைத்து உருக்கினார்கள். அடிப்படைக் கண்ணாடி ஒன்றே என்பதால் விரிசல் இல்லை. ஆனால் வண்ணம் நடுவே ஒரு மெல்லிய படலமாகத்தான் இருக்கும். மோயே கேட்டது வேறு. கண்ணாடியின் முழுத் தடிமனும் வண்ணமாக இருக்க வேண்டும், அறுத்தாலும் தேய்த்தாலும் உள்ளே அதே வண்ணம் வர வேண்டும். பட்டை தீட்டுபவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய கோரிக்கை இது. மேற்பரப்பைத் தேய்த்து எறிகிறவருக்குப் படல வண்ணம் எதற்கு உதவும்? வேதியியல் தொழிற்சாலையினுடையது, சந்தேகமில்லை. எந்தப் பொருள் இல்லை என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடித்தது மோயேவின் கலை. இருவருக்கும் புகழ் சேர வேண்டும் என்பதே என் வாதம்.

இதைவிட அடிக்கடி கேட்கும் மறுப்பு இன்னொன்று: வேலையைச் சூளை செய்கிறது, பட்டியலைப் பார்த்து வெப்பநிலையைத் தட்டிவிட்டால் யாருக்கும் வரும் என்பது. இன்று மின்சூளைகளில் கணினிக் கட்டுப்பாடு இருப்பதால் இந்தப் பேச்சு இன்னும் பலமாகக் கேட்கிறது. ஒரு தட்டு செய்வதற்கு அது உண்மையும்கூட. ஆனால் உள்ளே நடப்பதைக் கவனித்தால் அந்தப் பேச்சு நிற்காது. முழுதாக உருகிய கண்ணாடி தன் பரப்பு இழுவிசையால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தடிமனை நாடும். 3 மில்லிமீட்டர்த் தகடு ஒன்றை மட்டும் உருக்கினால் ஓரங்கள் உள்ளே சுருண்டு ஒதுங்கும். மூன்று தகடுகளை அடுக்கினால் பக்கவாட்டில் வழிந்து பரவும். கோடுகளால் ஆன வடிவத்தில் இந்த ஒவ்வொரு நகர்வும் கோட்டை வளைக்கும். எங்கே அணை கட்ட வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்பதைச் சூடேற்றும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். வேண்டாத வெப்பநிலையில் அதிக நேரம் நின்றால் மேற்பரப்பில் வெண்படலம் பூக்கும். ஏறும்போது அவசரப்பட்டால் காற்று சிக்கிக் குமிழியாகும். உருகியதும் 500 டிகிரிக்குச் சற்று முன்பின்னான நிலையில் நிறுத்தி, தடிமனுக்கேற்ற நேரம் வைத்திருந்து, மெல்ல மெல்லத்தான் ஆறவிட வேண்டும். தடிமன் கூடக் கூட நேரம் பன்மடங்காகும். இதன் எல்லையைக் காட்ட ஓர் உதாரணம்: 1934 டிசம்பரில் கார்னிங் நிறுவனம் வார்த்த 200 அங்குலத் தொலைநோக்கி ஆடி, ஆறி முடிக்கச் சுமார் பத்து மாதம் ஆனது.

மோயே ஒரே சூட்டோடு நிறுத்தியவரும் அல்ல. கீற்றுகளை உருக்கி ஒரு பலகை ஆக்குவார். அதை மறுபடி அறுப்பார். அறுத்த துண்டுகளைத் திருப்பி, மாற்றி, வேறு வரிசையில் அடுக்கி மறுபடி உருக்குவார். பிறகு அச்சின் மேல் வைத்து 650 டிகிரி அளவில் வளையவிட்டால் தட்டையான பலகை கிண்ணமாகும். கடைசியில் சாணை. இந்த வரிசையில் முதல் வெட்டில் நேர்ந்த பிசகு மூன்றாம் சூட்டில் பன்மடங்காகி முன்னால் வந்து நிற்கும். ஒரு கீற்றுக்கு அரை மில்லிமீட்டர் பிசகு, அதுவும் ஒரே பக்கமாக என்று வைத்துக்கொண்டால், நூறு கீற்றில் 5 சென்டிமீட்டர் விலகிவிடும். பாவு ஓட்டும்போதே சேலையின் முகம் நெசவாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் போல, மூன்றாவது சூட்டுக்குப் பிந்திய கிண்ணம் முதல் கீற்றை வெட்டும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊதுகுழல்காரரின் திறமை கண்ணெதிரே நொடியில் வெளிப்படுகிறது. சூளைக்காரரின் திறமை வாரக்கணக்கில் பரவிக் கிடக்கிறது. இரண்டையும் ஒரே கடிகாரத்தால் அளப்பதுதான் விமர்சகர்கள் பலரின் தவறு.

1982இல் அவர் வாழ்க்கையில் அடுத்த திருப்பம். கான்பெரா கலைப் பள்ளியின் இயக்குநர் ஊடோ செல்பாக்கும் ஜெர்மனியில் பிறந்தவர்தான். கண்ணாடித் துறையைப் புதிதாகத் தொடங்க மோயேவை அழைத்தார். நாற்பத்தைந்து வயதில், பெயர் கிடைத்த ஊரை விட்டு, பீங்கான் கலைஞரான மனைவி பிரிகிட்டே எண்டர்ஸுடன் ஆஸ்திரேலியா போனார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அத்துறைக்குத் தலைமை வகித்தார். அந்தப் பள்ளி பட்டறையை மையமாகக் கொண்டது. பொருளைத் தொட்டுக் கற்பதுதான் அங்கே பாடம். ஊதுவது மட்டுமே கண்ணாடி என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லாமல் போனது. சூளையும் சாணையும் முதல் நாளிலிருந்தே ஊதுகுழலுக்குச் சமமாக வைக்கப்பட்டன. விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. கர்ஸ்டி ரே, ஸ்காட் சேஸ்லிங், ஜெசிகா லாக்லின், ஜைல்ஸ் பெட்டிசன் என்று அங்கே பயின்றவர்கள் உலகக் கண்காட்சிகளுக்குப் போனார்கள். 1990களில் ரேயும் சேஸ்லிங்கும் முன்னெடுத்த ‘ரோல்-அப்’ முறை இதில் முக்கியம். சூளையில் இணைத்த வண்ணப் பலகையை மறுபடி சூடேற்றி, குழலின் முனையில் உள்ள சூடான கண்ணாடி வளையத்தைச் சுற்றிப் பாயைப் போல் சுருட்டி, ஓரத்தை மூடி, பிறகு ஊதிப் பாத்திரமாக்குவது அது. சூளைக்கும் ஊதுகுழலுக்கும் இடையில் இருந்த சுவர் அதில் இடிந்தது. பொருந்தும் கண்ணாடி இல்லாமல் இது நடந்திருக்காது. இரண்டு வேலையையும் ஒரே கூரையின் கீழ் வைத்த பள்ளி இல்லாமலும் நடந்திருக்காது.

மோயேவின் படைப்பைப் பற்றிச் சொல்லப்படும் கடுமையான குறை, அது வெறும் அலங்காரம் என்பது. கட்டங்கள், கோடுகள், பளிச்சென்ற வண்ணங்கள். மனிதன் இல்லை, கதை இல்லை. செக் நாட்டின் ஸ்தானிஸ்லாவ் லிபென்ஸ்கியும் யரோஸ்லாவா பிரிக்தோவாவும் சூளையில் வார்த்த பெருஞ்சிற்பங்களோடு ஒப்பிட்டால் இந்தக் குறை இன்னும் உறைக்கும். அவர்களுடைய தலைகளிலும் சன்னல் வடிவங்களிலும் ஒளியே கனத்துப்போய் நிற்கிறது. ஒரு காலகட்டத்தின் இறுக்கம் அதில் படிந்திருக்கிறது. மோயேவிடம் அந்தக் கனம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருடைய தொடக்கக் காலக் கிண்ணங்கள் சிலவற்றில் ஒழுங்கு இறுகிப்போய், அடுத்தது என்ன என்று முன்பே தெரிந்துவிடுகிறது. ஆனால் பிற்காலப் படைப்புகளில், குறிப்பாக அந்த நான்கு போர்ட்லண்ட் பலகைகளில், ஒழுங்கு தன்னைத்தானே கலைத்துக்கொள்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வரைகணிதம். அருகே போனால் ஒவ்வொரு கீற்றின் ஓரமும் அண்டைக் கீற்றுக்குள் மயிரிழை அளவு கசிந்திருக்கிறது. அளவுகோலால் போட்ட கோட்டை நெருப்பு இளக்கியிருக்கிறது. அந்த இளக்கத்தை எங்கே அனுமதிப்பது, எங்கே தடுப்பது என்பதில்தான் அவர் பேசுகிறார். கதை இல்லாத இசைக்கு நாம் மரியாதை கொடுக்கிறோம். வண்ணத்துக்கும் அந்த மரியாதை உரியது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை மறைத்துக் கட்டுரை எழுதுவது நேர்மையல்ல. கண்ணாடியின் செழுமையான மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் பலவற்றின் பின்னால் காட்மியம் இருக்கிறது. 2016 பிப்ரவரியில், போர்ட்லண்டில் மரங்களில் படர்ந்த பாசியை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் சோதித்ததில் காட்மியத்தின் தடம் வெளிப்பட்டது. மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் கவனம் நகரின் வண்ணக் கண்ணாடித் தொழிற்சாலைகள் மேல் திரும்பியது. புல்ஸ்ஐ காட்மியம், ஆர்சனிக் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. பிறகு புகையை வடிகட்டும் சாதனங்களைப் பொருத்தியது. அதே ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்பெக்ட்ரம் என்ற பெரிய கண்ணாடித் தொழிற்சாலை மூடப்பட்டது. அதன் தகடுகளையே நம்பியிருந்த கலைஞர்கள் கையைப் பிசைந்து நின்றார்கள். மோயே மறைந்ததும் அதே 2016இல்தான். ஒரு கலையே சில தொழிற்சாலைகளின் கையில் இருப்பது ஆபத்து என்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். ஆபத்துதான். ஆனால் இந்த நிகழ்வு காட்டுவது சூளைக் கலையின் போலித்தனத்தை அல்ல. கலைஞரின் மேசையில் இருக்கும் ஒரு சிவப்புக் கீற்றுக்குப் பின்னால் உலைத் தொழிலாளியும், வேதியியலாளரும், அந்தத் தெருவில் மூச்சு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பொருளைப் பற்றிய அக்கறை கலைஞருக்கு வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. எதைச் சேர்த்தால் எது உடையும் என்று கேட்கத் தெரிந்த மோயேவின் வழியில் வந்தவர்கள், எதைக் காய்ச்சினால் யார் மூச்சு கெடும் என்றும் கேட்டாக வேண்டும்.

அருங்காட்சியகங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கலாம். படைப்பின் பக்கத்தில் மாட்டும் அட்டையில் கலைஞரின் பெயர், ஆண்டு, ‘சூளைக் கண்ணாடி’ என்ற ஒற்றை வரி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். எந்தக் கண்ணாடி, எங்கே காய்ச்சியது, எத்தனை முறை சூளையேறியது, எத்தனை பேர் வெட்டினார்கள் என்பதையும் எழுதலாம். நான்கு வரி போதும். அதைப் படிக்கிறவர் படைப்பை வேறு கண்ணோடு பார்ப்பார். மோயேவின் கிண்ணங்களை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் அவை இருக்கின்றன. அதே நகரின் கிங்ஸ்டன் பகுதியில், பழைய மின்நிலையக் கட்டடம் ஒன்று 2007 முதல் ‘கான்பெரா கிளாஸ்வர்க்ஸ்’ என்ற பொதுக் கண்ணாடிப் பட்டறையாக இயங்குகிறது. கலைஞர்கள் வேலை செய்வதைப் பொதுமக்கள் அங்கே நின்று பார்க்கலாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஊதுகுழல் நடக்கும் இடத்தோடு திரும்பிவிடாமல், தகடுகளை வெட்டும் மேசையருகேயும் சற்று நேரம் நிற்க வேண்டும்.